நின்ன சூசை

சத்தியம்! கோயிலில் இருக்கிற சூசையப்பர் மேல் சத்தியம், வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம், நான் உட்கார்ந்திருக்கிற இந்த டீக்கடைப் பெஞ்சு மேலும் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் இருந்தால் இந்த டீ இப்போதே எனக்கு விஷமாகப் போகட்டும். மாஸ்டர், நீயும் கேட்டுக்கொள். நீதான் சாட்சி. பொன்மலையில் செபஸ்தியான் பொய் சொன்னான் என்று எவனாவது நிரூபித்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். மீசையே இல்லையே என்று பார்க்கிறீர்களா? வளர்த்து எடுக்கிறேன்.

உட்காருங்கள் தம்பி. எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, டீயை ஆறவிட்டுக்கொண்டு, "இந்தப் பக்கம் தண்ணியெல்லாம் நல்லா வருதுங்களா" என்று பேச்சை ஆரம்பிக்கிற ஆள் பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டு ஆளாகத்தான் இருப்பார். மரியசூசை பேத்தியைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. படித்த பெண், சிரித்த முகம். உங்களுக்கு உறுத்துகிறது வேறு. வழியில் யாரைக் கேட்டாலும் "எந்த சூசை? நின்ன சூசையா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். நின்ன சூசை என்றால்? எங்கே நின்றார், எலெக்‌ஷனிலா, கோர்ட்டிலா? பெண்ணின் தாத்தாவுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சரி, ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது நீங்கள் யாரிடம் வந்து விசாரிக்கிறீர்கள் தெரியுமா? அந்த சூசையின் கூடப்பிறந்த தம்பியிடம்.

எழுந்திருக்காதீர்கள், எழுந்திருக்காதீர்கள். டீயைக் குடியுங்கள். தம்பிக்காரன் அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைக்கிறீர்கள். அதுதான் இல்லை. அண்ணனை விட்டுக்கொடுத்தவன் என்று இந்தக் காலனியில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே என்னால். இதோ, இந்த விரலால்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். சூசை என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஒரே ஒரு வயது. அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு அவன் பண்ணின அட்டகாசம் கொஞ்சமா? அவன் போட்டுக் கிழித்த சட்டைதான் எனக்கு. அவன் மை கொட்டின புத்தகம்தான் எனக்கு. அவன் கால் அச்சு விழுந்த செருப்பில் என் காலை விட்டால் என் கால் அவன் கால் மாதிரியே நடக்கும். நான் பிறந்த வீட்டில் எனக்கென்று புதிதாக வந்த ஒரே பொருள் அம்மை. அதுவும் அவனுக்குப் போட்டு இறங்கின பிறகுதான் எனக்குப் போட்டது.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அப்பா சின்னப்பன் வருகிறார் என்றால் மக்கர் பண்ணுகிற இஞ்சின்கூட ஒழுங்காக மூச்சு விடும். ஒருதரம் கிரேன் வரவில்லை என்று ஒரு வேகனை முதுகால் முட்டுக் கொடுத்து... சரி, அது வேறு கதை. அதுவும் சத்தியம்தான்.

அப்பாவுடைய ஃபோர்மேன் ரெபேரோ துரை. சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினபோது தன்னுடைய கிரிக்கெட் பேட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி, அது பேட். நாங்களெல்லாம் தென்னை மட்டையைச் செதுக்கிவைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்த காலம். எண்ணெய் குடித்துக் குடித்துத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது அது. மேலே துரையின் பெயரைச் சூடு போட்டு எழுதியிருக்கும். அந்தப் பேட்டால் துரை ஒருதரம் அடித்த பந்து, போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டியில் விழுந்து மானாமதுரை போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் டிக்கெட் கேட்டாராம்.

துரை அடித்துப் பழசான பேட்தான். ஆனால் சூசை அடித்துப் பழசானது இல்லையே! அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பேட் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. வந்த அன்றைக்கே ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்து, நான் அவன் கையைக் கடித்து, அவன் என் தலைமுடியைப் பிடித்து, அம்மா நடுவில் வந்து, அம்மாவுக்கும் ஒன்று விழுந்துவிட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"அடிச்சுக்காதீங்கடா. வர்ற மேற்கு லைன் மேட்ச்சுல உங்க ரெண்டு பேருல எவன் ரன்னு ஜாஸ்தியோ அவனுக்குத்தான் இந்த பேட்டு. மத்தவன் அதைத் தொடக்கூடாது. தொட்டான்னா கைய ஒடிச்சிருவேன்."

"ஆளுக்கு ஒரு நா வச்சுக்கட்டுமேங்க" என்றாள் அம்மா.

"முறை வச்சுத் தூக்க இது என்ன கோயில் சப்பரமா?"

அவ்வளவுதான். தீர்ப்பு ஆகிவிட்டது. அதுவரை பேட்டை அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நானும் அவனும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பேசாமல் கிடந்தோம். ஒரு சொல் கிடையாது. சாப்பிடும்போது மட்டும், "ஒரு பந்து தாங்குவியாடா நீ?" என்பான். "நீ என்ன பெரிய இவனா?" என்பேன் நான். அவ்வளவுதான் பேச்சு.

குவார்ட்டர்ஸ் வீட்டு வரிசைக்கு லைன் என்று பேர். எங்கள் லைன் கிழக்கு லைன். எதிரே மேற்கு லைன். நடுவில் பொட்டல். ஒர்க்‌ஷாப் கேட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வருகிற பாதையும் அந்தப் பொட்டல்தான். அதனால் எங்கள் ஆட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் கேட்டில் சங்கு ஊதும். ஊதினதும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் வெளியே வரும். அந்த சைக்கிள் கூட்டம் பொட்டலைத் தொடுகிற வரைக்கும்தான் ஆட்டம். தொட்டதும் முடிந்தது. அப்பனும் சித்தப்பனும் மாமனும் மணி அடித்துக்கொண்டு பிட்ச் மேலேயே ஏறிப் போவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, இதைக் கவனித்துக் கேளுங்கள். எங்கள் ஆட்டத்தில் அம்பயர் வெளியாள் கிடையாது. பேட் பிடிக்கிற கட்சியில் அவுட்டாகி வந்தவன்தான் அம்பயராகப் போய் நிற்க வேண்டும். சொந்தக் கட்சி ஆள். அவன் எதற்கு அவுட் கொடுக்கப்போகிறான்? மண்ணெண்ணெய் டின்தான் எங்களுக்கு ஸ்டம்ப். டின்னில் பந்து பட்டு டமால் என்று சத்தம் கேட்டால் அவுட். எல்லார் கண் முன்னாலும் கேட்ச் பிடித்தால் அவுட். மற்றபடி பேட்டில் உரசிற்று, உரசவில்லை என்கிற வழக்கெல்லாம் அம்பயரிடம் போனால் போனதுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். இது இரண்டு லைனுக்கும் தெரியும். அதனால் கத்துகிறவர்கள் சும்மா ஒரு மரியாதைக்குக் கத்துவார்கள். மேற்கு லைன் கேப்டன் கோதண்டம், கீப்பரும் அவன்தான், காக்காய் பறந்தால்கூட அவுட் கேட்பான்.

மேட்ச் அன்றைக்கு மேற்கு லைன் முதலில் ஆடிவிட்டது. எவ்வளவு அடித்தார்கள் என்பது உங்களுக்கு வேண்டாம். அடிக்கக்கூடிய ரன்தான். எங்கள் பக்கம் நானும் சூசையும்தான் முதலில் இறங்கினோம். துரை பேட்டை அன்றைக்கு மட்டும் அப்பா வெளியே எடுத்துக் கொடுத்திருந்தார். யார் பந்தை எதிர்கொள்கிறானோ அவன் கையில் அது இருக்கும். ரன் ஓடும்போது நடு வழியில் ஒருத்தன் கையிலிருந்து ஒருத்தன் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போது அவனும் விடமாட்டான், நானும் விடமாட்டேன். பார்த்தவர்கள் நாங்கள் கயிறு இழுக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அடித்தேன் தம்பி. எப்படி அடித்தேன் என்கிறீர்கள்! நாயகம் என்று ஒரு வேகப்பந்துக்காரன், அவன் ஓடி வந்தால் புழுதிக்குள் ஆள் தெரியாது, பந்து மட்டும்தான் வரும். அவனை நான் அடித்த அடியில் பந்து ஒருதரம் வேப்ப மரத்துக் காக்காய்க் கூட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. காக்காய் அதை அடை காத்தது.

இருபத்திரண்டு எடுத்தேன். எங்கள் லைனில் அதுவரைக்கும் யாரும் எடுக்காத ரன். கை தட்டுகிறார்கள். அந்த நேரத்தில் சூசை ஒரு பந்தைத் தட்டிவிட்டு "ஓடு ஓடு" என்று கத்தினான். ஓடினேன். பாதி வழியில் எல்லாரும் கை தட்டுகிறார்களே என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். ஒரு மரியாதை வேண்டாமா? அதற்குள் டின் டமால் என்றது. ரன் அவுட்.

பார்த்தீர்களா அவன் வேலையை? கை தட்டுகிற நேரம் பார்த்து என்னை ஓடச் சொல்லியிருக்கிறான். "ஓடு ஓடுன்னு தொண்டை கிழியக் கத்துனேன், ஏன்டா நின்ன?" என்று என்னையே கேட்டான். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு கேட்டான் தெரியுமா, நிஜமாகவே வருத்தப்படுகிறவன் மாதிரி.

அவுட்டானவன் அம்பயர். போய் நின்றேன்.

நான் நின்றது அவனுக்கு அம்பயராகத்தான். எனக்குப் பிறகு ஒருவன் வந்தான், போனான். இன்னொருவன் வந்தான், போனான். ஒவ்வொருவனும் அவுட்டாகி வந்து, "செபஸ்தி, நீ போய் உக்காரு, நான் நிக்கிறேன்" என்பான். நான் நகரவில்லை. "எனக்குக் கால் வலிக்கல" என்றேன். பொறுப்புள்ள வேலையைப் பாதியில் விடலாமா?

சூசை மட்டும் நின்றான். எங்கள் கட்சியில் ஆள் குறையக் குறைய அவன் ரன் ஏறிக்கொண்டே போகிறது. வாயைத் திறந்து எண்ணவில்லை நான். உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறேன். பத்தைத் தாண்டினான். பதினைந்தைத் தாண்டினான். அவன் ஒவ்வொரு தடவை பேட்டைத் தரையில் தட்டும்போதும் எனக்கு இங்கே, நெஞ்சுக் குழியில் தட்டுகிறது. வெயில் மேற்கே இறங்கி ஒர்க்‌ஷாப் கூரைத் தகரத்தில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. ஒரு பந்து டின்னை உரசிக்கொண்டு போயிற்று. மூச்சை இழுத்தேன். எதற்கு இழுத்தேன் என்று கேட்காதீர்கள், அண்ணன் ஆயிற்றே என்றுதான்.

கடைசியில் கடைசி விக்கெட். எதிர்முனையில் தொம்மை நிற்கிறான். தொம்மை பேட் பிடித்தால் ஈ ஓட்டுகிற மாதிரி இருக்கும். இனி யார் அவுட்டானாலும் ஆட்டம் முடிந்தது. ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும். சூசை கணக்கில் இருபத்தொன்று. என்னைவிட ஒன்று கம்மி. இரண்டு அடித்தான் என்றால் லைனும் ஜெயித்தது, பேட்டும் அவனுக்கு. அவுட்டானால் லைன் தோற்றது, பேட் எனக்கு.

இதையெல்லாம் நான் அப்போது நினைக்கவே இல்லை. இப்போது உங்களுக்குச் சொல்வதற்காகக் கணக்குப் போடுகிறேன்.

நாயகம் ஓடி வர ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து சங்கு ஊதிற்று.

எங்கள் ஒர்க்‌ஷாப் சங்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அது ஊதினால் அரியமங்கலத்தில் கறந்த பால் திரிந்துபோகும். மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் காதைப் பொத்திக்கொள்வார், அத்தனை பெரிய காதை! பக்கத்தில் நிற்கிறவன் வாயைத் திறந்து கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் கேட்காது. அந்தச் சங்கு. முழு மூச்சில். அதற்கு நடுவில் நாயகம் கையை வீசினான். சூசை முன்னால் காலை வைத்துச் சுற்றினான். பந்து அவனைத் தாண்டிக் கோதண்டம் கையில் போய் விழுந்தது.

டிக்.

டிக் என்று ஒரு சத்தம். பேட்டின் ஓரத்தில் பந்து உரசின சத்தம். தெளிவாகக் கேட்டது எனக்கு.

என்ன தம்பி? சங்குதான் ஊதிக்கொண்டிருந்ததே என்கிறீர்களா? ஊதட்டுமே. கேட்கிற காதுக்குக் கேட்கும். பார்க்கவும் பார்த்தேன். பந்தைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு கணம் மட்டும் பேட்டைப் பார்த்துவிட்டேன். வெயில் அதன்மேல் விழுந்து துரை பெயர் பொன்னாட்டம் மின்னிற்று. எப்பேர்ப்பட்ட பேட்!

கோதண்டம் இரண்டு கையையும் மேலே தூக்கி வாயைத் திறந்தான். மேற்கு லைன் மொத்தமும் வாயைத் திறந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை, சங்குதான். இப்படி வாயைத் திறந்துகொண்டு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் விரலைத் தூக்கினேன்.

சங்கு நின்றது.

தம்பி, அந்தப் பொட்டலில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கோதண்டம் தூக்கின கையை இறக்கவே மறந்துவிட்டான். அவுட் கேட்டவனே அவன்தான், அவன் என்னிடம் வந்து, மெதுவாக, "டேய் செபஸ்தி... நெசமாவா?" என்று கேட்டான்.

"அவுட்டுன்னா அவுட்டுதான்" என்றேன்.

அப்புறம்தான் கூச்சல். "சொந்த அண்ணனையே அவுட் குடுத்துட்டான்டா! இவன் மனுசன்டா!" என்று மேற்கு லைன்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எங்கள் லைன்காரர்கள் என் காலைப் பிடித்துக் கீழே இழுக்கிறார்கள், கொல்வதற்கு. தொம்மை தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

சூசை நடுவில் வந்து தொம்மை கையைப் பிடித்தான். "விடுறா. அம்பயர் சொன்னா சொன்னதுதான்" என்றான். பிறகு தோளில் இருந்த என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

வேறொன்றும் கேட்கவில்லை. பேட்டை டின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். அதற்குள் சைக்கிள்கள் வந்துவிட்டன.

முன்னால் வந்த சைக்கிள் அப்பாவுடையது. பெற்ற பிள்ளை எதிரி லைன்காரன் தோளில் உட்கார்ந்திருக்கிறான், அவர்கள் 'ஜே' போடுகிறார்கள். தொம்மை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். அப்பா சைக்கிளை நிறுத்தி இறங்கினார். பேட்டை எடுத்து கேரியரில் வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "வீட்டுக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான். அப்பா கத்தினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

வீட்டில் மாதா படத்துக்கு அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே வந்து இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். ஒர்க்‌ஷாப் பெல்ட், தடித் தோல். கதவைச் சாத்தினார். அம்மா கையில் தீக்குச்சி அப்படியே எரிந்து விரலைச் சுட்டது. அவள் உதறக்கூட இல்லை.

என்னைப் பார்த்தார். "தொட்டுச்சா?"

"தொட்டுச்சுப்பா."

"தொட்டிருந்தா நீ ஆம்பளை. உன்னைத் தொட மாட்டேன். தொடாம, பேட்டுக்கு ஆசப்பட்டு அண்ணனுக்குக் கைய தூக்கியிருந்தேன்னு வையி, இந்த வீட்டுல உனக்கு இன்னையோட சோறு கிடையாது. பாட்டன் வீட்டுக்கு ரயிலேத்திருவேன்." பிறகு திரும்பினார். "சூசை. நீ சொல்லு. மாதா படத்தப் பாத்துச் சொல்லு. தொட்டுச்சா?"

சூசை சுவரோரம் நின்றிருந்தான். மாதாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஏன் உலர வேண்டும்? மத்தியானத்திலிருந்து வெயிலில் நின்றவனுக்கு வாய் உலராமல் என்ன செய்யும்? அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தள்ளுகிறது. யாரும் போய் இறக்கவில்லை. சொல்லித் தொலையேன்டா என்று இருக்கிறது எனக்கு. அவன் என்னையே பார்க்கிறான். அப்பா பெல்ட்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"தொட்டுச்சுப்பா" என்றான் சூசை.

கேட்டீர்களா? மாதா படத்துக்கு எதிரில்! அவன் வாயால்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்பா அப்படியே நின்றார். நான், சரி முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. "தொட்டுச்சின்னு தெரியுமா உனக்கு?" என்று அவனைக் கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குடா நின்ன? தம்பி விரலத் தூக்குற வரைக்கும் நின்னியா? தொட்டா, அம்பயர் சொல்லாமலே தானா வெளிய நடக்கணும்டா! என்னைய மாதிரி உழைக்கிறவன் பெத்த புள்ள திருட்டுத்தனமா நிப்பியா?"

சுற்றின பெல்ட் அவன்மேல் இறங்கிற்று. அவன் கையை வைத்துத் தடுக்கக்கூட இல்லை. நின்றான். நியாயம்தானே தம்பி? அப்பா சொன்னதில் என்ன தப்பு? தொட்டால் நடக்க வேண்டியதுதானே? எனக்கு அந்நேரம் தாகமாக இருந்ததால் தண்ணீர் குடிக்கக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். நிறையக் குடித்தேன். திரும்பி வந்தபோது பேட் என் பாய் ஓரத்தில் இருந்தது. அப்பா சொன்ன சொல் தவறமாட்டார்.

ஆனால் சூசையைப் பாருங்கள், எப்படிப்பட்ட வன்மம்! எப்போதும் மல்லாந்து படுக்கிறவன் அன்றைக்கு முதுகை என் பக்கம் காட்டிக்கொண்டு படுத்தான். வேண்டுமென்றே. அம்மா தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு கோடும் எனக்குத் தெரிய வேண்டும் என்று அப்படிப் படுத்தான்.

அப்பா அடித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, பக்கத்து வீட்டிலிருந்து லைனுக்குப் போயிற்று. மறுநாளே அவன் 'தொட்டுட்டு நின்ன சூசை' ஆகிவிட்டான். நாளாக ஆகத் 'தொட்டுட்டு' உதிர்ந்துபோய் 'நின்ன சூசை' மட்டும் நின்றுவிட்டது. இதுதான் தம்பி விஷயம். கோர்ட்டும் இல்லை, கேஸும் இல்லை.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பேட் என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்குப் போனால், "செபஸ்தி, உன்னை மாதிரி நியாயஸ்தன் கெடைக்க மாட்டான், நீ அம்பயரா நில்லு" என்பான் கோதண்டம். எங்கள் லைன்காரர்களோ "ஆமா, நீ நில்லு, எங்க டீம்ல வேணாம்" என்பார்கள். என் பேட்டால் ஊரே அடித்தது. நான் ஒரு பந்தும் அடிக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சூசை மட்டும் அதைத் தொடவில்லை. தென்னை மட்டையாலேயே ஆடினான். அதாலும் அடித்தான் பாவி. கடைசியில் அந்தப் பேட்டைப் பரணில் கறையான் தின்றது.

ஆனால் பெயர் நின்றது. இந்தக் காலனியில் குழாயடிச் சண்டையா, பாகப் பிரிவினையா, யூனியன் தேர்தலில் ஓட்டு எண்ணுவதா, "செபஸ்தியைக் கூப்பிடு, சொந்த அண்ணனையே அவுட் குடுத்தவன்" என்பார்கள். அந்த விரலை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் இந்த ஊரில் நடமாடினேன்.

கோதண்டம் மட்டும் ரிட்டயர் ஆன பிறகு ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டான். "பேட்டுக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு சைக்கிளே போயிருக்கும். நாங்க சும்மாதான் கேட்டோம், அவன் நெசமாக் குடுத்துட்டான்" என்று. பொறாமை. ஜெயித்தவனுக்கு எதற்குப் பொறாமை என்கிறீர்களா? டீ ஆறுகிறது, குடியுங்கள்.

போன வருஷம் சூசைக்குக் கண் ஆபரேஷன். பிள்ளைகள் வெளியூரில். நான்தான் கூட இருந்தேன். இரண்டு கண்ணையும் மறைத்துக் கட்டுப் போட்டுக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். என் முகம் அவனுக்குத் தெரியாது. பொழுது போகவேண்டுமே என்று, சும்மா, ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ஏன் சூசை, அன்னைக்கு அது தொட்டுச்சா?"

தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

"நீதானேடா அம்பயர்" என்றான்.

சிரித்துக்கொண்டு சொன்னானா, எப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை. பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. நான் போய் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்தேன். கழுவித்தான் இருந்தது, இருந்தாலும் கழுவினேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? கேட்க வந்ததைக் கேளுங்கள். சூசை பொய் சொல்கிற ஆளா, அதுதானே? சொல்கிறேன். பொய்யே சொல்லாதவன். வேலையில் தான் மாட்டின பிரேக் கட்டை தப்பு என்று தானே போய்ச் சொல்லி இங்கிரிமெண்டைப் பறிகொடுத்தவன். அப்படிப்பட்டவன் மாதா படத்துக்கு எதிரில் நின்று தொட்டது என்றான் என்றால் தொட்டதுதான். அப்போது நான் தூக்கின விரல் சரி. இல்லை, தொடவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அவன் ஜென்மத்தில் ஒரே ஒரு பொய் சொன்னவன் ஆகிறான். எதற்குச் சொன்னான், யாருக்காகச் சொன்னான், வாங்கின அடியை யாருக்காக வாங்கினான் என்பதையெல்லாம் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு யோசிக்க நேரமில்லை, வேலை இருக்கிறது.

இரண்டில் எதுவானாலும் அந்த வீட்டில் பெண் எடுக்கலாம். தைரியமாக எடுங்கள். இதைப் போல ஒரு வீடு உங்களுக்குக் கிடைக்காது.

ஒன்று மட்டும் தம்பி. உங்கள் வீட்டில் யார் சொன்னார்கள் என்று கேட்டால், டீக்கடையில் யாரோ ஒரு கிழவன், பேர் தெரியாது, கொஞ்சம் புளுகுவான் போலிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சம்பந்தியாகி அவனோடு பந்தியில் உட்காரும்போது அவனிடமும் மூச்சு விடாதீர்கள். அவன் கேட்க மாட்டான். இத்தனை வருஷம் கேட்காதவன் இனிமேலா கேட்கப்போகிறான்? இருந்தாலும், தப்பித் தவறிக் கேட்டுவிட்டால், நான் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை. சரிதானே?